மாமியார் திருப்பினால் கிளம்பாத வண்டி

மாஸ்டர் சினிமாவுக்குப் போனால் முன்வரிசைக்காரர் இடைவேளைக்குள் திரும்பிப் பார்த்து முறைத்துவிடுவார். திரையில் எந்த வண்டி வேகமாக வந்தாலும் மாஸ்டரின் வலது கால் முன்னிருக்கையின் முதுகில் பிரேக் போடும். பேருந்தில் போனால் டிரைவருக்கு முன்னால் இவர் மிதித்துவிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் கிளட்ச். தூக்கத்தில் என்ன நடக்கும் என்பதை அவர் மனைவியைத்தான் கேட்க வேண்டும். கால்மாட்டில் மட்டும் கிழிகிற போர்வைகளைத் தைத்துத் தைத்து அவளுக்கு அலுத்துவிட்டது.

பிழைப்பு அப்படி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றதும் மணி அடிக்கும், பிரார்த்தனை நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்ன அறை, சுவரில் சாலைக் குறிகள் அச்சிட்ட ஒரு படம், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் ஒரு வெள்ளைக் கார். அவ்வளவுதான் பள்ளி. அந்தக் காரை அவர் ‘மகராசி’ என்று கூப்பிடுவார். மகராசிக்கு இரண்டு ஜோடி மிதிகள். ஓட்டுபவர் காலடியில் கிளட்ச்சும் பிரேக்கும் இருப்பதுபோல், பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். நடுவில் கம்பி போட்டு இணைத்திருப்பதால் மாஸ்டர் தன் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கத்து மிதியும் சேர்ந்து இறங்கும். உயிர் பிழைக்க இந்த ஏற்பாடு வேண்டும். கற்றுக்கொள்ள வருபவர்கள் பிரேக் என்று நினைத்து எதை எதையெல்லாமோ மிதிப்பார்கள்.

காலுக்கு ஓய்வில்லாததுபோல் அவர் வாய்க்கும் ஓய்வு கிடையாது. டாக்டர் வந்தாலும் வக்கீல் வந்தாலும் வசவு ஒன்றுதான். “கிளட்ச்ச மிதிக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா?” என்பார். “ஸ்டியரிங்க பிடிச்சா போதும், கட்டிக்கிட்டு அழ வேணாம்” என்பார். திட்டு வாங்கியவர்கள் கோபித்துக்கொண்டு போனதில்லை, ஏனென்றால் பிழைத்துக்கொண்டார்கள். “என்கிட்ட கத்துக்கிட்டவங்க டெஸ்ட்ல தோத்ததா சரித்திரமே கிடையாது” என்பது அவர் பெருமை. சரித்திரத்தை எழுதியவரும் அவரே என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

அப்படிப்பட்டவரிடம் அவருடைய மாமியார் கார் கற்றுக்கொள்ள வந்தார்.

அத்தை தையல்கடை வைத்திருப்பவர். சொன்ன நாளில் சொன்ன துணியைக் கொடுப்பவர் என்று பெயர் வாங்கியவர், பக்கத்துக் கடையில் ஒரு ஊசிகூட இரவல் கேட்டறியாதவர். அவருடைய வீட்டுக்காரர், அதாவது மாஸ்டரின் மாமா, காலமெல்லாம் கார் ஓட்டியவர். ஒரு நாள் காலையில் வலது கை சொன்ன பேச்சு கேட்கவில்லை, வலது காலும் கூடச் சேர்ந்துகொண்டது. பிழைத்து எழுந்து நடமாடினாலும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கைகாலுக்குப் பயிற்சி எடுத்தாக வேண்டும். ஆஸ்பத்திரியோ ஊரின் இன்னொரு கோடியில். வீட்டுக் கார் கொட்டகையில் உறை போர்த்திக்கொண்டு நின்றது. அதை ஓட்ட ஆள் இல்லை.

மாஸ்டர்தான் வகுப்புகளுக்கு நடுவே வந்து அழைத்துப் போவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் அத்தைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சுளிக்கிற முகத்தோடு சண்டை போடலாம், சிரிக்கிற முகத்தை என்ன செய்வது? மாப்பிள்ளை காத்திருக்கக் கூடாதே என்று வெகு நேரம் முன்னாலேயே பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். வண்டியில் பின்னிருக்கையில் யாரோ வீட்டு விருந்தாளிபோல் நுனியில் உட்கார்ந்து வருவார். ஒரு நாள் இறங்கும்போது, “நானே ஓட்டக் கத்துக்கலாம்னு இருக்கேன் மாப்பிள்ளை” என்றார். மாமா மட்டும் சிரித்தார்.

சிரித்ததோடு நிற்கவில்லை, ஒரு நிபந்தனையும் போட்டார். “நிக்கிற வண்டி துருப்பிடிக்கும். டெஸ்ட்டுல பாஸ் பண்ணினா வண்டி உன்னுது. இல்லேன்னா அன்னிக்குச் சாயங்காலமே வித்துடுவேன். கேட்டுக்கிட்டு ஒரு ஆள் நிக்கிறான்.”

“சரி” என்றார் அத்தை. வாக்கு வாக்குதான்.

பாடம் தொடங்கியது. இங்கேதான் வந்தது வினை. மாமியாரைப் பார்த்து, “தடவிக் குடுக்கிறீங்களா?” என்று எந்த மருமகன் கேட்பான்? முகம் பார்த்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத உறவு அது. இருவருக்கும் நடுவே எப்போதும் ஒரு மகளோ ஒரு மாமாவோ நின்று பேச்சைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். காருக்குள் கைமாற்ற ஆள் இல்லை. “அத்தை, உங்களுக்குச் சௌகரியப்பட்டா கொஞ்சம் பிரேக் போடலாம்” என்று மாஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் எதிரே லாரியின் பின்பக்கம் வந்துவிடும். மரியாதைக்குக் குறைவில்லாமல் தானே மிதித்துவிடுவார். “நல்லா போட்டீங்க அத்தை” என்று பாராட்டும் சேர்ந்து வரும்.

கிளட்ச்சும் அதே கதை. அத்தையின் தையல் மிஷினில் மோட்டார் மாட்டியிருந்தது. அதன் மிதியைப் பெருவிரலால் தொட்டாலே ஊசி பறக்கும். வருஷக்கணக்காகத் தொட்டே பழகிய கால் கிளட்ச்சையும் தொட்டது. மீதியை மாஸ்டரின் இடது கால் முடித்து வைத்தது. அவர் அதை யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகச் செய்தது. போதாததற்கு இருக்கையும் தள்ளியே இருந்தது. அதை முன்னால் நகர்த்துகிற கம்பி ஓட்டுபவரின் காலுக்கு அடியில் இருக்கிறது. மாமியார் காலடியில் குனிந்து கம்பியைத் தேட மாஸ்டருக்குக் கூச்சம். “சீட்டு வசதியா இருக்கா அத்தை?” என்று கேட்டார். “இருக்கு மாப்பிள்ளை” என்றார் அத்தை, எட்டவில்லை என்று சொன்னால் அவருக்கு இன்னொரு வேலை வைத்ததாகுமே என்று. விஷயம் அதோடு முடிந்தது. மரியாதை நல்லதுதான், ஆனால் அதற்கு வண்டி ஓட்டத் தெரியாது.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தில் வெயிலுக்கு முன்பே கூட்டம். காலையில் மாஸ்டரின் இன்னொரு மாணவர், அவருடைய வசவையெல்லாம் மூட்டை கட்டி வாங்கிய பேங்க் மேனேஜர், மகராசியிலேயே ஓட்டிக் காட்டி ஜெயித்துவிட்டுப் போனார். மகராசி சமர்த்தாக இருந்தாள். அடுத்தது அத்தை.

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் இருக்கையில் ஏறினார். தேர்வு நடக்கும்போது தன் கால் மிதியில் படக் கூடாது என்பதில் கறாரானவர், இரண்டு காலையும் மடக்கிப் பின்னால் இழுத்துக்கொண்டார். மாஸ்டர் சுவரோரம் போய் நின்றார். அத்தை பெல்ட்டைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். எல்லாம் பாடம் பிசகாமல். சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை. உறுமல் இல்லை, முனகல் இல்லை, ‘டிக்’ என்றுகூட ஒன்றும் இல்லை. டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தன. மறுபடி திருப்பினார். கல்லில் நார் உரிப்பதுபோல் மறுபடியும் மறுபடியும் திருப்பினார். இன்ஸ்பெக்டர் இறங்கினார்.

“வண்டிய ஓரமா தள்ளுங்க. மத்தவங்கள முடிச்சிட்டு, சாப்பிடப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கூப்பிடுவேன். அப்பவும் கிளம்பலேன்னா அடுத்த மாசம்தான்.”

அடுத்த மாதம் என்பது இன்ஸ்பெக்டருக்கு ஒரு தேதி. அத்தைக்கு அப்படி இல்லை, இன்று சாயங்காலமே ஒரு ஆள் வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவான். அதன்பின் காலத்துக்கும் வாசலில் பையோடு நிற்க வேண்டியதுதான். மாஸ்டருக்கு நெஞ்சு படபடத்தது. தன் சரித்திரம் பற்றியும் கொஞ்சம் படபடத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நாலு பேர் சேர்ந்து வண்டியை மரத்தடிக்குத் தள்ளினார்கள். அத்தை மட்டும் இருக்கையை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் முறை போய்விடும் என்று அவருக்கு ஒரு பயம். அவரையும் சேர்த்தே தள்ளினார்கள்.

மாஸ்டர் போன் போட்டதும் எலெக்ட்ரீஷியன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கார் வயரிங் பார்ப்பவர், மாஸ்டரின் பால்ய சிநேகிதர். ஓயாமல் பேசுவதால் ‘பேட்டரி’ என்று பெயர். இந்த பேட்டரி சார்ஜ் இறங்கி யாரும் பார்த்ததில்லை.

“சத்தமே இல்லையா? ‘டிக் டிக்’னு அடிச்சுக்கலையா?” என்று கேட்டுக்கொண்டே பானெட்டைத் திறந்தார். “பேட்டரி வீக்கா இருந்தா வேகவேகமா டிக் டிக்னு அடிக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் சிக்கியிருந்தா ஒரே ஒரு ‘டொக்’. ஒண்ணுமே இல்லேன்னா, மோட்டாருக்கு ஆர்டரே போய்ச் சேரலைன்னு அர்த்தம். அக்கா, ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க.”

அத்தை திருப்பினார். விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை.

“பாத்தியா? மோட்டார் கரண்ட்ட இழுக்கவே இல்லை. கூப்பிட்டாத்தானே வரும்? அக்கா, கிளட்ச்ச நல்லா மிதிச்சிருக்கீங்கல்ல? இந்த வண்டிக்குக் கிளட்ச் முழுசா இறங்கினாத்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். அடியில ஒரு சுவிட்ச் இருக்கு.”

“மிதிச்சிருக்கேன் தம்பி” என்றார் அத்தை. மனசாட்சிப்படிதான் சொன்னார்.

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னடா கேள்வி இது? என்கிட்ட கத்துக்கிட்டவங்க கிளட்ச்ச மிதிக்காம சாவியத் தொடுவாங்களா? வேற ஏதாவது பாரு.”

சிநேகிதன் மனம் நோகக் கூடாதென்று பேட்டரி வேறு ஏதாவது பார்த்தார். உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். அங்கே நின்ற ஒருவருக்கும் புரியவில்லை, ஏனென்றால் கிளட்ச் மேல் வந்த சந்தேகத்தை மாஸ்டர் முளையிலேயே கிள்ளிவிட்டார்.

வண்டி பேட்டரியின் டெர்மினல் முனைகளைக் கழற்றி, பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி இறுக்கினார். ஒன்றும் இல்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றிச் செருகினார். ஊகூம். கடைசியில் கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு தடித்த வயரைப் பேட்டரியிலிருந்து நேரே ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையில் தொட்டார். ‘கிர்ர்ர்’ என்று மோட்டார் கழுத்தைத் திருப்பியது. வயரை எடுத்ததும் நின்றது.

“மோட்டார் கல்லு மாதிரி இருக்கு. பேட்டரி சிங்கம் மாதிரி இருக்கு. நடுவுல எவனோ ஆர்டர அமுக்கி வெச்சிருக்கான்” என்று தீர்ப்புச் சொன்னார்.

“நான் உள்ள உக்காந்து பாக்கிறேன்” என்று மாஸ்டர் தன் இருக்கையில் ஏறிக்கொண்டார். “அத்தை, இப்ப திருப்பிப் பாருங்களேன்.”

அத்தை திருப்பினார். மகராசி குபீரென்று உயிர் பெற்றாள்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பேட்டரி ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, “நான்தான் சொன்னேனே, டெர்மினல்னு” என்றார். அவர் சொல்லவே இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை அதை விட்டுக்கொடுக்குமா? மாஸ்டர் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல இறங்கி ஓடினார். பெட்ரோல் வீணாகிறதே என்று அத்தை அணைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி திருப்பினார்.

மௌனம்.

மாஸ்டர் திரும்பி ஓடிவந்து ஏறினார். கிளம்பியது. இறங்கினார். கிளம்பவில்லை. ஏறினார், கிளம்பியது. மைதானத்தில் தேர்வுக்கு வந்தவர்கள் தங்கள் தேர்வை மறந்து இங்கே கூடிவிட்டார்கள். “வண்டிக்கு மாஸ்டர் மேல அவ்வளவு பாசம்” என்றார் ஒருவர். “காலையில அந்த மேனேஜருக்கு மட்டும் எப்படிக் கிளம்பிச்சு?” என்றார் இன்னொருவர். அத்தையின் முகம் சுண்டியது. மேனேஜருக்குக் கிளம்புகிறது, தனக்குக் கிளம்பவில்லை என்றால், கோளாறு வண்டியில் இல்லை என்றல்லவா ஆகிறது?

பேட்டரிக்குப் பொறி தட்டியது. “வெயிட்டுடா! உன் வெயிட்டு! சீட்டுக்கு அடியில ஏதோ வயரு லூஸு. நீ உக்காந்தா அமுங்கி ஒட்டுது, எந்திரிச்சா விட்டுப்போகுது.”

அறிவார்ந்த யோசனைதான். மைதானத்து வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் மாஸ்டரைப்போல் ஒன்றரை மடங்கு. அவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். மகராசி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், கிளம்பவில்லை. “குதிங்க” என்றார் பேட்டரி. அவர் உட்கார்ந்தபடியே குதித்தார். வண்டி குலுங்கியது, கிளம்பவில்லை. அவர் மடியில் ஒரு பயிற்சிக்காரரையும் ஏற்றிப் பார்த்தார்கள். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதையாக, காலை வைத்துக்கொண்டு கனத்தைத் தேடினார்கள். இந்தக் கூத்து முடியும்போது மைதானத்தில் வரிசை பாதியாகக் கரைந்திருந்தது.

மாஸ்டர் வியர்வையோடு மறுபடி ஏறினார். அத்தை சாவியில் கை வைத்தார். ஆனால் திருப்பவில்லை. தன் இடது காலைக் குனிந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க அத்தை.”

“இந்த மிதி தானா இறங்குற மிதிதானே? நான் காலை வெச்சா தானா கீழ போகும். நீங்க இல்லாதப்ப மட்டும் ஏன் இறங்க மாட்டேங்குது?”

பேட்டரி ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து மாஸ்டரின் காலடியைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். அவருடைய இடது கால், அவரைக் கேட்காமல், கிளட்ச்சைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.

பேட்டரி சிரித்த சிரிப்பில் தலை ஜன்னலில் இடித்துக்கொண்டது. “ஆர்டர அமுக்கி வெச்சிருந்தவன் இங்க இருக்கான்யா! டேய், சுவிட்ச்சும் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருக்கு. இத்தனை நேரம் நான் ரிப்பேர் பண்ணினது உன் கால!”

கூட்டம் சிரித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அத்தை சிரிக்கவில்லை.

“அப்போ இத்தனை நாளா வண்டிய ஓட்டினது யாரு?”

மாஸ்டர் மெல்ல இடது காலை மிதியிலிருந்து எடுத்தார். “ரெண்டு பேரும்தான் அத்தை” என்றார்.

“பாதி ஓட்டினா பாதி லைசென்ஸ் குடுப்பாங்களா? நல்லா போட்டீங்க நல்லா போட்டீங்கன்னு சொன்னதெல்லாம் உங்க காலப் பாத்துச் சொன்னதா?” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மாஸ்டருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “ஆஸ்பத்திரிக்குத்தான் உங்கள நம்பிப் போறேன்னா, நானா ஓட்டினேன்னு நெனச்சதும் உங்கள நம்பித்தானா?”

மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மரியாதை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அத்தையை ஏமாற்றும் வேலையாகப் போய்விட்டது. இதைவிட நாலு வசவு வைதிருக்கலாம்.

சூழ்நிலையைச் சரிசெய்யப் பேட்டரி தன் தொழிலுக்குத் தாவினார். “இதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கிக்கிட்டு? அந்த சுவிட்ச்சோட ரெண்டு வயரையும் ஒண்ணா முறுக்கி விட்டுடறேன். கிளட்ச்சே மிதிக்காம கிராங்க் ஆகும். யாருக்கும் தெரியாது.”

மாஸ்டர் ஒரு கணம் ஆசைப்பட்டார். பொய் சொல்வானேன், இரண்டு கணம். சரித்திரம் தப்பிக்கும், கார் தப்பிக்கும். ஆனால் அத்தை முந்திக்கொண்டார்.

“கிளம்பிடும் தம்பி. அப்புறம் கியர் போடும்போது யாரு மிதிப்பாங்க? வயரத் தொடாதீங்க.” மருமகன் பக்கம் திரும்பினார். “நீங்க எந்திரிச்சுப் பின்னால போங்க. கால் எட்டாத எடமாப் பாத்து உக்காருங்க. இன்ஸ்பெக்டர் கூப்பிடுறதுக்குள்ள எனக்குச் சொல்லிக் குடுங்க. பேங்க் மேனேஜருக்குச் சொல்லிக் குடுத்தீங்களே, அந்த மாதிரி.”

மாஸ்டர் பின்னிருக்கைக்குப் போனார். கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாள் முதல் அவர் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. முழங்கால் மோவாயைத் தொட்டது. முன்னால் பேட்டரி ஏறி, தன் மேல் எந்தச் சந்தேகமும் வரக் கூடாதென்று இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். மைதானத்துக்குப் பின்னால் ஆள் இல்லாத காலி இடத்துக்கு மகராசியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“முதல்ல... அத்தை... சீட்டுக்கு அடியில ஒரு கம்பி இருக்கும்” என்றார் மாஸ்டர், கூரையைப் பார்த்துக்கொண்டு. அத்தை குனிந்து இழுத்தார். இருக்கை சறுக்கிக்கொண்டு முன்னால் போய் ‘டக்’கென்று பூட்டியது. அத்தை காலை நீட்டிப் பார்த்தார். “அட, எட்டுதே” என்றார். அந்த ‘அட’வில் இருந்த ஆச்சரியம் மாஸ்டரை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

எட்டினால் மட்டும் போதுமா? தையல் மிஷின் கால் தையல் மிஷின் கால்தான். மிதி பாதி இறங்கியது. சாவி திரும்பியது. மௌனம்.

“இன்னும் கொஞ்சம் சிரமம் பாக்காம மிதிச்சீங்கன்னா...”

“மாப்பிள்ளை, இப்படியா மேனேஜருக்குச் சொன்னீங்க?”

“அவரு வேற அத்தை.”

“அவரு வேறதான். அவரு பாஸ் பண்ணிட்டாரு.”

அந்தச் சொல் சுருக்கென்று குத்தியது. மறுபடி பாதி மிதி, மறுபடி மௌனம். மைதானத்தில் இன்ஸ்பெக்டர் அடுத்தவரின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். வாய் திறந்தது. “கிளட்ச்ச மிதிக்கிறீங்களா, தடவிக் குடுக்கிறீங்களா? அது என்ன கைக்குழந்தையா? தரையோட மிதிங்க! மிதிங்கன்னா மிதிக்கணும்!”

பேட்டரி சம்மணத்தில் இருந்தபடியே கல்லாகிவிட்டார். மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை. மாமியாரிடம் கத்திய மருமகன் இனி எந்த வீட்டில் சோறு தின்பான் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, இருக்கை லேசாக அதிர்ந்தது. மகராசி உறுமிக்கொண்டிருந்தாள்.

“ம், அப்புறம்?” என்றார் அத்தை. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வாயை இறுக்கிக்கொண்டிருந்தாலும் கண் சிரித்தது.

அப்புறமென்ன, அணை உடைந்த கதைதான். முதல் கியர், இரண்டாம் கியர், திருப்பம், நிறுத்தம், எல்லாவற்றுக்கும் மேனேஜர் வாங்கியதில் ஒன்று குறையாமல் அத்தை வாங்கினார். வண்டி நின்றது, அதிர்ந்தது, தவளைபோல் தாவியது. பேட்டரி சம்மணத்தோடே இரண்டு தரம் கதவில் மோதினார். ஆனால் போகப் போகத் தாவல் குறைந்தது. அத்தையின் கால் அடியைக் கண்டுகொண்டது. “இப்பத்தான் தெரியுது, இதுக்கு ஒரு அடி இருக்குன்னு” என்றார்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

இந்தத் தடவை மாஸ்டரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். பேட்டரிதான் நேர்முக வர்ணனை. “ஏறிட்டாங்க... பெல்ட்டு... கண்ணாடி... ஆங், கிராங்க் ஆயிருச்சு! போறாங்க. கம்பத்தச் சுத்திட்டாங்க. மேட்டுல ஏறுறாங்க. நிறுத்தினாங்க... ஐயோ.”

“என்னடா ஐயோ?”

“நின்னு போச்சு. மேட்டுல இன்ஜின் நின்னு போச்சு.”

மாஸ்டர் இரு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை. பேட்டரியும் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சை நிறுத்தியிருந்தார். பிறகு தூரத்தில், தெளிவாக, ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். ஒரு உறுமல். மகராசி பின்னால் ஓர் அங்குலமும் சறுக்காமல் மேட்டைத் தாண்டினாள்.

“மேட்டுல நின்னு போனா ஸ்டியரிங்க விட்டுட்டு என் மூஞ்சியப் பாக்கிறவங்கதான் அதிகம்” என்றார் இன்ஸ்பெக்டர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “இந்தம்மா என்னைப் பாக்கவே இல்லை.”

அத்தை இறங்கியதும் செய்த முதல் வேலை, மாமாவுக்குப் போன் போட்டது. “சாயங்காலம் வர்ற ஆள வர வேணாம்னு சொல்லுங்க” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று மாஸ்டர் பேட்டரியிடம் சொன்னார். தன்னுடையதும் வியர்வைதான் என்றார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் கைக்கு வந்தது. மறுநாள் மாமாவுக்குப் பயிற்சி நாள். மாஸ்டர் வகுப்பை ஒத்திவைத்துவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போனார். லைசென்ஸ் வந்த சூட்டோடு தனியாகவா போய்விடுவார்கள், முதல் தடவைக்காவது கூட உட்காரச் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு. வாசலில் யாரும் பையோடு நிற்கவில்லை. கதவில் பூட்டு தொங்கியது. கொட்டகையில் காரின் உறை மட்டும் நாலாக மடித்துக் கிடந்தது.

போன் போட்டார். மாமா எடுத்தார்.

“நாங்க வந்து சேந்தே ரொம்ப நேரமாச்சு மாப்பிள்ளை. வழியில ரெண்டு எடத்துல நின்னுச்சு, ரெண்டு எடத்துலயும் அவளே கிளப்பிட்டா. எனக்குத்தான் கொஞ்சம் பயம். வெளிய காட்டிக்கலை.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. நான் வந்து நிக்கிறேன் இங்க.”

மறுமுனையில் ஏதோ கேட்டுச் சொல்லும் சத்தம். பிறகு மாமா கொஞ்சம் சங்கடமாகச் சொன்னார். “சொல்லணும்னு அவளுக்குத் தோணவே இல்லையாம் மாப்பிள்ளை.”

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. தன்னை ஒருவர் அடியோடு மறந்துபோனது இதுவரை அவருக்கு நேர்ந்ததில்லை. கதவையும் பூட்டையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம், யாரும் இல்லாத அந்த வாசலில், அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.